பைன் நாற்றுக்கு யூரியாவா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பைன் நாற்று வளராமல் நிற்கிறது, ஊசியிலை ஊதாவாகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்ததற்கு, யூரியா கரைத்து ஊற்றச் சொல்லி உங்கள் விவசாயப் பக்கத்தில் பதில் வந்திருந்தது. படித்ததும் பகீரென்றது, ஏனென்றால் அதையே செய்து கெட்டவன் நான்.

கொடைக்கானலில் வீட்டுக்குப் பின்னால் 60 பைகளில் விதை போட்டேன். கீழேயிருந்து ஏற்றிவந்த செம்மண், மணல், கொஞ்சம் தொழு உரம். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது, மூன்றாம் மாதம் நுனி ஊதாவாகி வளர்ச்சி நின்றது. (டிசம்பர் குளிரிலும் ஊதா வரும், வெயில் ஏறினால் தெளிந்துவிடும். இது தெளியவில்லை.) யூரியா ஊற்றினேன். சில நாற்று தளதளவென்று எழுந்தது, ஆனால் பையைக் கிழித்தால் வேர் என்று நாலே நூல், நட்டதெல்லாம் கோடையில் கருகிவிட்டது.

நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்த ஒரு பெரியவர்தான், "வேலியோரம் நிக்குற பழைய பைன் அடியில சருக விலக்கி மண்ண அள்ளி, பைக்கு ஒரு பிடி போடுங்க" என்றார். மிச்சமிருந்த பைகளில் போட்டேன். சில மாதம் கழித்து ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் குட்டிக் குட்டி வேர்கள் கவட்டைபோலப் பிரிந்து, மேலே வெள்ளைப் பூஞ்சை இழை. இலையும் பச்சைக்குத் திரும்பியிருந்தது.

சங்கதி இதுதான்: குறை யூரியா தரும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) இல்லை, மணிச்சத்தில் (பாஸ்பரஸ்). செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பைன் வேரோடு கூடி வாழும் அந்தப் பூஞ்சைதான் தேடி எடுத்து வேருக்குத் தரும். பைன் நமக்கு வந்தேறி மரம், அதன் பூஞ்சை எல்லா மண்ணிலும் கிடக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1920களிலும் போர்ட்டோ ரிக்கோவில் 1950களிலும் இதே கதைதான், பைன் மண்ணைக் கலந்த பிறகே நாற்று எழுந்தது. அதற்காக சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டவும் கூடாது, மணிச்சத்து மிதமிஞ்சினால் வேரில் பூஞ்சை சரியாகப் பிடிக்காது. சுண்ணாம்புத் தண்ணீரும் ஆகாது. புளிப்பு மண்தான் (அமில மண்) இந்தப் பூஞ்சைக்குப் பிடிக்கும்.

சோலைக்காடும் புல்வெளியும் இருந்த மலையில் பைன் எதற்கு என்று சிலர் சண்டைக்கு வரலாம், நியாயம்தான், நான் வேலியைத் தாண்டி நடவில்லை.

அந்த வாசகர் இன்னும் யூரியா வாளியைத் தூக்காமல் இருந்தால், ஒரு வரி திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொடைக்கானல்