முப்பது விநாடிக்குள் ஒப்பாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

கைத்தொலைபேசி வந்து நம் பிள்ளைகளின் கற்பனையைக் கெடுத்துவிட்டது என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை அச்சகத்தில் தேநீர் நேரத்தில் சத்தமாக வாசித்தோம். எழுதியவர் பாவம், நிறையக் கவலைப்பட்டிருக்கிறார். ஆனால் செத்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டில் போய் அழுதிருக்கிறார் என்பது என் எண்ணம்.

நான் கொட்டாஞ்சேனையில் 27 வருடமாக எழுத்துக் கோர்க்கிறவன். ஈய எழுத்தின் கடைசிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து கணினிக்கு மாறினவன். எங்களுக்குச் சோறு போடுவது கலியாண அழைப்பிதழ் அல்ல, கல்வெட்டு. வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, சாப்பிட்டுக் கைகழுவி வருகிறவர்களுக்கு வாசலில் வைத்துக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. தேவாரம், சிவபுராணம், குடும்பத்தாரின் புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் இருக்கும். முன்பக்கத்தில் படம், அதற்கு அடுத்ததாகத் திதி வெண்பா.

இந்தத் திதி வெண்பா லேசுப்பட்டதல்ல. இறந்தது எந்த ஆண்டு, எந்த மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), என்ன திதி என்பதெல்லாம் நாலடிக்குள் அடங்க வேண்டும். முதல் மூன்றடிக்கும் நாலு நாலு சீர், கடைசியடிக்கு மூன்று. மொத்தம் 15 சீர். பேரப்பிள்ளை திவசத்துக்கு நாள் தேடினால் வெண்பாவைச் சொல்லிப் பார்த்தால் போதும். ஒரு சொல்லை மாற்றினால் பெரும்பாலும் தளை, அதாவது சீருக்குச் சீர் பொருந்தும் ஓசைக் கட்டு, தட்டும், அதனால் திதியும் மாறாமல் கிடக்கும்.

ஆகவே அளவுக்குள் எழுதுவது நமக்குப் புதிதல்ல. கிராமபோன் காலத்தில் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடித்தது, பெரிய பெரிய வித்துவான்களே கீர்த்தனையைச் சுருக்கிப் பாடினார்கள். என் கேள்வி வேறு. இப்போது அளவை யார் வைக்கிறார்கள்? இன்ஸ்டகிராமில் ரீல்ஸ் 2020இல் வந்தபோது 15 விநாடி. 2022இல் 90 விநாடியாயிற்று, 2025 ஜனவரியில் மூன்று நிமிடம். வெள்ளவத்தையில் பரதம் படிக்கும் என் மருமகள் அதற்கேற்ற மாதிரி உருப்படியை வெட்டி வெட்டி ஆடுகிறாள். அலாரிப்பில் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினால் விரல் நுனிகள் போனின் நெட்டைச் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. தள்ளி நின்றால் முகபாவம் தெரியாதாம். முழங்கையைக் கொஞ்சம் மடித்து ஆடப் பழகிவிட்டாள். வகுப்பில் ஆசிரியை கையைப் பிடித்து நிமிர்த்துகிறார், வீட்டில் போன் மடக்குகிறது. வெண்பாவின் அளவை எந்தக் கம்பனியும் கூட்டம் போட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவில்லை.

எழுத்திலும் இதே கதைதான். பழைய எஸ்.எம்.எஸ்.இல் ஆங்கில எழுத்தென்றால் 160 போகும், தமிழென்றால் 70தான். அதிலும் கொழும்பு என்பதை நாம் நாலெழுத்தாக எண்ணுவோம், போன் கொம்பையும் குற்றையும் தனித்தனியாக எண்ணி எட்டு என்று கணக்கு வைக்கும். அம்மாவுக்கு நாலு வார்த்தை தமிழில் அனுப்ப இரண்டு செய்திக் காசு போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிப் பழகினார்கள். அந்தப் பழக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இந்தக் காசுக் கணக்கை யாரும் பேசுவதில்லை, பிள்ளைகளைத்தான் ஏசுகிறோம்.

இனி, கட்டுரையாளருக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கல்வெட்டில் வரும் புலம்பல் பெரும்பாலும் யாரோ ஒரு தமிழ் வாத்தியார் எழுதியது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று தலைப்பு இருக்கும், சொல்லெல்லாம் வாத்தியாருடையது. நான் கோர்த்தவற்றில் எத்தனையோ வீட்டில் ஒரே புலம்பல்தான், பெயர் மட்டும் மாறும். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் வந்தது. இறந்தவரின் அக்கா வன்னியில் இருக்கிறார், கொழும்புக்கு வர ஏலாத வயது. அவர் பாடிய ஒப்பாரியை வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பியிருந்தார்கள். நாலரை நிமிடம். முதல் ஒரு நிமிடம் வெறும் மூச்சும் இருமலும், தூரத்தில் ஒரு கோழி. அப்புறம் தொடங்கினார் ஆச்சி. “வாளி இழுத்த கை வாடிப் போச்சோ ராசா, கிணத்தடிக் கயிறு கிடந்து உன்னைத் தேடுதே” என்று வந்தபோது பக்கத்து மேசைப் பையன் தன் வேலையை நிறுத்திவிட்டான். நான் அதை அப்படியே, ஒரு எழுத்தையும் திருத்தாமல் அடித்தேன். இத்தனை வருடத்தில் என் கையால் அச்சேறிய முதல் உண்மையான ஒப்பாரி அதுதான். போன் இல்லாவிட்டால் அது அந்தக் கிணற்றடியோடு போயிருக்கும்.

சரி, பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இறந்தவரின் மகள் அந்தக் குரலைப் படத்தோடு சேர்த்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கேட்டார். அப்போது அதில் முப்பது விநாடிக்கு மேல் போகாது. எந்த முப்பது விநாடியை எடுப்பது? இருமலிலிருந்து தொடங்கினால் ஆச்சி பாட்டுக்கே வரமாட்டார். நடுவில் வெட்டினால் அழுகை காரணமில்லாமல் வந்து நிற்கிறது. நாலு தரம் வெட்டிப் பார்த்தோம். கடைசியில் அந்தப் பிள்ளையே, “வேண்டாம் அண்ணா, படத்தை மட்டும் போடுவம்” என்றார்.

இப்போது இன்னொரு வகை வாடிக்கையாளர் வருகிறார்கள். போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய திதி வெண்பாவோடு வருகிறார்கள். அண்மையில் வந்த ஒன்றில் கடைசியடியிலும் நாலு சீர், தளை என்ற பேச்சே இல்லை, அபரபக்கத்தில் செத்தவரைப் பூர்வபக்கத்தில் சாகடித்திருந்தது. சொன்னேன். “ஆர் அண்ணை இதைப் பார்க்கப் போறது?” என்றார் வந்தவர். பூர்வபக்கத்தை அபரபக்கமாக மட்டும் திருத்திக் கொடுத்தேன். வெண்பாவைத் திருத்த அவர் காசு தரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இதில் என் பிழையும் உண்டு.

2022இல் கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வருடம்தான் பல குடும்பங்கள் 300 பிரதி என்பதை 50 ஆக்கி, மீதியைப் போனுக்கு ஒரு படமாக அனுப்பத் தொடங்கின. கடதாசி திரும்பி வந்தது, 300 வரவில்லை. அனுப்பிய படம் அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடுகிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடி எடுப்பதும் லேசல்ல.

எழுத்துக் கோப்புத் தானே கணினியில் இருக்கிறது என்பார்கள். எங்கள் பழைய சீடிகளில் எல்லாம் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவம் பூட்டிய பாமினி எழுத்துருவில்தான் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனால் சீடியே வாசிபடாமல் போனால் எதை மாற்றுவது?

அதனால் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். போனுக்குப் படம் அனுப்புங்கள், நல்லது. கூடவே பத்துப் பிரதியாவது அச்சில் எடுங்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஆச்சிமார் இருந்தால் வெட்டாமல் முழுக்கப் பதிந்து வையுங்கள், இருமலோடு. ஒரு பிரதியை நூலகம் திட்டத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைக்கிறார்கள், அதில் நினைவு மலர்களும் இருக்கின்றன.

எங்கள் அச்சகத்துப் பரணிலும் பழைய கல்வெட்டுகள் இரண்டு பெட்டி கிடக்கின்றன. ஒன்றில் கரையான் தொட்டுவிட்டது. அவற்றை நூலகம் திட்டத்துக்குக் கொடுப்போம் என்று மூன்று தரம் முதலாளியிடம் கேட்டுவிட்டேன், பார்ப்பம் பார்ப்பம் என்கிறார். அவர் உங்கள் கடிதப் பகுதியைத் தவறாமல் வாசிக்கிறவர்.

இப்படிக்கு,
ஓர் எழுத்துக்கோப்பாளர்,
கொழும்பு 13