பண்டாரவளையிலேயே தங்கு

மண்டபம்
ஆவணி

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா?

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய இலங்கை மலைநாட்டுப் பயணத் திட்டத்தைக் கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்து படித்தேன். போனில் நாலு வரிக்கு மேல் அடிக்க எனக்கு விரல் வராது, அதனால்தான் கடிதம். "எல்லயா, அப்புத்தளையா, காரா, ரயிலா, நீங்களே சொல்லுங்கப்பா" என்று கேட்டிருக்கிறாய். ரயில்வேக்காரன் என்ன சொல்வான் என்று தெரிந்துதானே கேட்டாய்? கார் வேண்டாம்.

உனக்கு ஓட்டத் தெரியாது என்று சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மண்டபம் வரைக்கும் ஓட்டி வந்தவள் நீ. அதை நான் இந்தத் தெருவில் யாரிடம் சொல்லாமல் விட்டேன்? அது பெரும்பாலும் நாலு வழிச் சாலை. இலங்கையிலும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய், சரிதான். ஆனால் நம்ம லைசென்ஸை மட்டும் காட்டி வண்டி எடுக்க முடியாது, அங்கத்திய அனுமதியும் வாங்க வேண்டும். வாங்கிவிடுவாய். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பெலிஹுல்ஓயா வழியாக மலை ஏறி, பெரகலைச் சந்தியில் திரும்ப வேண்டும். பொழுது சாய்ந்து மூடுபனி இறங்கினால் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு கிட்டே வந்த பிறகுதான் தெரியுமாம். அந்த மாதிரி ரோட்டில் ஒருவர் ஓட்ட, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். உன் தாளில் ஓட்டுநர் என்று உன் பெயர் மட்டும் இருக்கிறது. இரண்டாவது ஓட்டுநர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு மலைரோடு பழக்கமில்லை, அதனால் இருக்கும்.

விமான டிக்கெட்டிலும் ஒரு பெயர்தான். அவர் ஆபீஸ் மூலமாகத் தனியாக எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எல்லயைத் தாண்டித் தேயிலைக்குள் ஒற்றையாக நிற்கிற அந்த வீட்டைப் படத்தில் பார்த்தேன். அழகுதான். அக்கம்பக்கத்தில் ஒரு கூரைகூடத் தெரியவில்லையே, பாப்பா. முகாம் பக்கத்து டீக்கடையில் என்னோடு உட்காருவாரே, அவருக்குச் சொந்த ஊர் பண்டாரவளை. நீ போவதைச் சொன்னதும் ஒரு மணி நேரம் விடவில்லை. அந்த இடத்தையே முகாம் முகாம் என்கிறோம், தோட்டத்துக்குக் கூலியாகப் போன நம் சனங்களை இலங்கை அரசாங்கம் நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பிய இடம் அது. பெரிய அத்தை போனதும் அந்த வழிதான். அதை இப்போது கிளறவில்லை.

அவர் சொன்னது இது. அப்புத்தளை மலை முதுகின்மேல் இருக்கிற ஊர், 1,400 மீட்டருக்கு மேல். காற்று, பனி, மத்தியானத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. எல்லயில் வெள்ளைக்காரக் கூட்டமும் ஓட்டலும்தான். பண்டாரவளை இரண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். குளிர் அளவாக இருக்கும், மழையும் கொஞ்சம் குறைவு. சந்தை, ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் எல்லாம் ஊருக்குள்ளேயே. சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழ் பேசுகிற சனம். ராத்திரியில் ஒன்று என்றால் கதவைத் தட்ட ஆள் உண்டு. அங்கேயே தங்கு. காலையில் கிளம்பி எங்கே வேண்டுமானாலும் போ, இருட்டுவதற்குள் திரும்பிவிடு.

ரயிலில் ஏறினால் ஒரு பக்கம் அப்புத்தளை, மறு பக்கம் எல்ல. எல்லயைத் தாண்டினால் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். அடுத்தது தெமோதரை, அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி வந்து அந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. எனக்காக அதை ஒரு வீடியோ எடு. நம்ம பாம்பன் பாதை 2007 வரைக்கும் மீட்டர்கேஜ்தான். அவர்களோ பட்டிப்பொல ஸ்டேஷனில் 1,891 மீட்டர் உயரத்துக்கு அகலப்பாதையை ஏற்றி வைத்திருக்கிறார்கள்! கண்டியிலிருந்து பண்டாரவளைக்கு ஆறு மணி நேரம் போல ஆகும். மெதுவாகத்தான் போகும், போகட்டும். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் திறக்கும், திறந்ததும் தீர்ந்துவிடும். எத்தனை சீட்டு என்று இப்போதே முடிவு செய்துகொள். லிப்டன் சீட் என்கிற மலை உச்சிக்கு மட்டும் அப்புத்தளையில் ஆட்டோ பிடி, காலை ஒன்பதுக்குள் மேலே இருக்க வேண்டும்.

மழையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நீ போகிறது ஐப்பசி. நமக்கு அடைமழை என்றால் அவர்களுக்கும் அடைமழை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளையே மூடிவிட்டது. நீ பிடித்திருக்கிற வீடும் சரிவில்தான் நிற்கிறது. மாசி மாதம் போனால் வானம் தெளிவாக இருக்கும் என்கிறார் அவர். தீபாவளி வாரத்தில்தானா உனக்கு லீவு கிடைத்தது? தலைதீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தது. போன வருஷம் மாப்பிள்ளைக்கு ஆபீஸ் வேலை. பொங்கலுக்கும் ஆபீஸ் வேலை. வேலை இருக்கிற மனிதர்தான், நான் குறை சொல்லவில்லை.

அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டவில்லை. எழுத்துச் சின்னது, உனக்குத் தெரியாது என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன். அவள் மாப்பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே என்று ராமநாதபுரம் போய்க் குரங்குக் குல்லா வாங்கி வந்திருக்கிறாள், பச்சை நிறம். அவர் அதைப் போடமாட்டார் என்று நான் சொன்னதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ராமானுஜம் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கரையிலேயே இருந்துவிட்டு நான் அதில் ஏறவில்லை. நம் வீட்டில் பாஸ்போர்ட் எடுத்து, சொந்தச் சம்பாத்தியத்தில், பார்த்துவிட்டு வரலாம் என்று போகிற முதல் ஆள் நீதான். போகாதே என்று நான் சொல்லவே இல்லை. கார் வேண்டாம், ஒற்றை வீடு வேண்டாம். அவ்வளவுதான்.

இன்னொன்று. மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறதே, ஏன் பெங்களூரிலிருந்து எடுத்தாய்? மதுரை என்றால் முந்தின நாள் வீட்டில் படுத்துவிட்டுப் போகலாம். நான் ஏர்போர்ட் வரைக்கும் வந்து விடுவேன். டிக்கெட்டை மாற்றினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று விசாரி, அதை நான் தருகிறேன். போகும்போது முடியாவிட்டால் திரும்பும்போதாவது மதுரையில் இறங்கு. லீவு மிச்சம் இருந்தால் நம் வீட்டில் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, யாரும் எதுவும் கேட்கமாட்டோம். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா உச்சிப்புளிக்குச் சித்தி வீட்டுக்குப் போகிறாள், சாயங்காலம்தான் வருவாள். நான் மட்டும் இருப்பேன். பத்து மணிக்கு மேல் கூப்பிடு. ரயில் டிக்கெட் எத்தனை எடுப்பது என்று பேச வேண்டும்.

அப்பா