மகளின் பெயரை முகாம் குடும்ப அட்டையில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
இணைப்பில் கண்ட முகாம் பதிவு எண்ணும் முகவரியும் உடைய ஒரு தாய்

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை,
சேப்பாக்கம், சென்னை.

பொருள்: எனக்கு முகாம் மாற்ற ஆணை வராததால் எந்த முகாம் பதிவிலும் இல்லாத என் மகளுக்கு முகாம் பதிவும் இருப்பிடச் சான்றும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

1990-இல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபோது, நான்கு வயதுப் பிள்ளையாக இருந்த என்னை மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து அகதியாகப் படகில் கொண்டுவந்தார்கள். மண்டபம் முகாமில் பதிந்து, உள்மாவட்ட முகாம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். 2018-இல் வேறு மாவட்ட முகாமைச் சேர்ந்தவரை மணந்தேன். அவருக்குப் பெயிண்டிங் வேலை. அந்த ஆண்டே அவர் முகாமுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஆணை வரவில்லை. மாதந்தோறும் பெயர் வாசித்து ஆள் சரிபார்க்கும் கணக்கெடுப்பு நாளில் நாலு மணி நேரம் பஸ்ஸில் போய், பழைய முகாமில் கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறேன்.

என் மகள் 2020-இல் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். அவளைக் கணவர் அட்டையில் சேர்க்கக் கேட்டால், "தாயின் மாற்றம் முதலில் வரட்டும்" என்கிறார்கள். என் அட்டையில் கேட்டால், "பிள்ளை இங்கே குடியிருக்கவில்லையே" என்கிறார்கள். இ-சேவை மையம் வழியாக இருப்பிடச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். குடும்ப அட்டையில் பெயர் இல்லை என்று அதுவும் திரும்பி வந்துவிட்டது. ஆதாருக்குப் போன இடத்திலும் முகாம் அட்டையைத்தான் கேட்டார்கள். பள்ளியில் மட்டும் தலைமை ஆசிரியர், "காகிதம் மெதுவாக வரட்டும், பிள்ளை வரட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லாமல் இந்த மனுவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் குடியுரிமை கேட்டு எழுதவில்லை. 2004 டிசம்பர் 3-லோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது தெரியும். இலங்கைக் குடியுரிமை பெறவும் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும்; அதை இனித்தான் செய்ய வேண்டும். ஆக, இன்றைக்கு அவள் கையில் இருப்பது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

முகாம் பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதம் 500 ரூபாய் உதவித்தொகை எங்களுக்குச் சிறிய தொகை இல்லை. ஆனாலும் விட்டுப்போன மாதங்களின் பணத்தை நான் கேட்கவில்லை. கணக்கெடுப்பன்று அப்பாவோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து, "என் பேரை எப்பம்மா வாசிப்பாங்க?" என்று அவள் கேட்கிறாள். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

எனவே, 2018-இல் கொடுத்த என் முகாம் மாற்ற விண்ணப்பத்தின் மீது ஆணையிட வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், பிறப்புச் சான்றிதழை வைத்து மகளின் பெயரை அவள் தந்தையின் அட்டையில் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவின்பேரில் இருப்பிடச் சான்று தரும்படி வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் எழுத வேண்டுகிறேன். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் மகளோடு வருகிறேன்.

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் நகல், இருவரின் முகாம் அட்டை நகல்கள், திருமணப் பதிவு நகல், 2018 விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)