காமாலைக்கு முந்தைய ஆறு வாரங்கள்

அன்புள்ள ராகவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்து, அரைப் பக்கத்திலேயே கிழித்துப் போட்டேன். ஆய்வறிக்கை மாதிரி இருந்தது. நீ அதைப் படித்திருந்தால் கல்லூரி நாட்களில் என் கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சிரித்த மாதிரியே சிரித்திருப்பாய்.

கண் வெளுத்துவிட்டது, பசி எடுக்கிறது, அரிப்பு மட்டும் ராத்திரியில் தூங்க விடவில்லை என்கிறாய். பித்தநீர் வடிவது தடைப்பட்ட காமாலையில் அரிப்பு மெதுவாகத்தான் விடும். பொறுத்துக்கொள். ரத்தப் பரிசோதனையை மட்டும் மருத்துவர் சொன்ன தேதி தவறாமல் எடு.

"இருபத்தைந்து வருஷமாகக் கல்லீரலையே கட்டிக்கொண்டு அழுகிறாயே, எனக்கு ஏன் வந்தது என்று சொல்லேன்" என்று கேட்டிருக்கிறாய். எதனால் வந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். உனக்கு ஏன் வந்தது என்பதுதான் எங்கள் எல்லோரையும் திணற வைக்கிற கேள்வி.

முதலில் எதனால் என்பது. பல்வலிக்கு ஏழு நாள் அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டாய். முடித்துப் பதினாறு நாள் கழித்துச் சிறுநீர் மஞ்சளானது. "மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டதே, அதுவாக இருக்காது" என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் துறையில் இருப்பவன் காதில் அந்த வார்த்தை விழுந்தால் நேர் எதிராகத்தான் நினைப்பான். இந்த மருந்தின் கைவரிசையே அதுதான். மாத்திரை தீர்ந்து, வலியும் மறந்துபோன பிறகு வந்து நிற்கும். அதுவும் வயதான ஆண்களிடம் கூடுதலாக. (நம்மை இனி அப்படித்தான் குறிப்பெழுதுவார்கள், பழகிக்கொள்.) இதில் அமாக்ஸிசிலின்மீது பழி போடாதே. அது தனியாகக் கல்லீரலைத் தொடுவது அபூர்வம். கூட வருகிற கிளாவுலனிக் அமிலத்தின்மீதுதான் சந்தேகம்.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்பாய். ஐஸ்லாந்தில் நாட்டு மக்கள் அனைவரையும் கணக்கில் எடுத்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. எல்லா மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 19 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. நீ சாப்பிட்ட அந்த மருந்தை எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 2,350 பேருக்கு ஒருவர். இப்போது எங்கள் சங்கடம் புரிகிறதா? ஒரு புது மருந்தை இரண்டாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தைக்கு விட்டுவிடுவார்கள். நீ இரண்டாயிரத்துச் சொச்சமாவது ஆள்.

பாராசிட்டமாலைப் பற்றியும் பயந்து எழுதியிருக்கிறாய். அது வேறு ஜாதி. அளவுக்கு மீறினால் யாருடைய கல்லீரலையும் கெடுக்கும், ஆள் பார்க்காது. எப்படி என்பது 1970களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கல்லீரல் அதை உடைக்கும்போது ஒரு சிறு பங்கு நச்சாக மாறுகிறது. குளுட்டாத்தயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் பிடித்து முடக்கிவிடும். அளவு கூடினால் குளுட்டாத்தயோன் கையிருப்பு தீர்ந்துபோய், நச்சு கல்லீரல் செல்லின் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். வழி தெரிந்ததால் முறிமருந்தும் கிடைத்தது: அசிட்டைல்சிஸ்டீன். குளுட்டாத்தயோனை மறுபடி ஊறவைக்கிற மருந்து, நேரத்தோடு கொடுத்தால் உயிர் தப்பும். அமெரிக்காவில் திடீர்க் கல்லீரல் செயலிழப்புகளில் ஏறக்குறைய பாதிக்குப் பாராசிட்டமால்தான் காரணம் என்றாலும், எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. கணக்குத் தவறாத எதிரி.

உன்னுடையது கணக்குக்கு அடங்காத வகை. கொடுத்த அளவு சரி, சாப்பிட்ட விதம் சரி, ஆனாலும் வந்தது. பெரும்பாலும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேலை என்று நினைக்கிறோம். மருந்தின் துணுக்கு ஏதோ ஒரு புரதத்தில் ஒட்டிக்கொள்ள, உடம்பு அதை அந்நியன் என்று பார்க்கிறது. யார் உடம்பு அப்படிப் பார்க்கும் என்பதில் எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு (எது தன்னுடையது, எது அந்நியன் என்று நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்ட உதவுபவை) பங்குண்டு. 2009-இல் ஃப்ளூக்ளாக்ஸசிலின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கில் இது பளிச்சென்று தெரிந்தது: எச்.எல்.ஏ. பி 57:01 என்ற வகை உள்ளவர்களுக்கு அபாயம் சுமார் 80 மடங்கு. ஆய்வகத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அப்புறம் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்த மரபணு உள்ளவர்களிலும் 500 முதல் 1,000 பேருக்கு ஒருவருக்குத்தான் பாதிப்பு வருகிறது. மீதிப் பேர் நிம்மதியாக மருந்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதை வைத்து யாருக்கு மருந்து கொடுக்காதே என்று சொல்வது? உன் மருந்துக்கும் இப்படிச் சில எச்.எல்.ஏ. வகைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உன் ரத்தத்தைச் சோதித்து அந்த வகை இருக்கிறது என்று தெரிந்தாலும் உன் கேள்விக்கு அது கால் பதில்தான்.

விலங்குகளில் சோதித்துப் பார்ப்பதில்லையா என்று அடுத்துக் கேட்பாய். 1993-இல் நடந்த ஃபியாலுரிடின் கதையை உனக்குச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஹெபடைடிஸ் பி-க்கான மருந்து. எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் பிரச்சினையில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வைரஸ் குறைந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. வாரங்கள் கழித்து, மருந்தை நிறுத்திய பிறகும் பாதிப்பு வளர்ந்துகொண்டே போனது. ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் மாற்றுக் கல்லீரலோடு பிழைத்தார்கள். மனித செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அந்த மருந்தை ஏற்றிவிடுகிற ஒரு கடத்திப் புரதம் அங்கே இருக்கிறது, எலியின் மைட்டோகாண்ட்ரியாவில் அது இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. சோதித்தவர்கள் அசட்டையாக இருந்தவர்கள் அல்ல. கையில் இருந்த அளவுகோலில் அந்தக் கோடே இல்லை. புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன், சொல்லும்போது இன்னமும் தொண்டை அடைக்கிறது.

இப்போது மனிதக் கல்லீரல் செல்களைச் சின்னச் சில்லுகளில் வளர்த்து, ரத்தம் ஓடுவதுபோல் திரவத்தை ஓட விட்டு மருந்தைச் சோதிக்கிறார்கள். 2022-இல் 27 மருந்துகளை 870 சில்லுகளில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கெடுதல் செய்யும் மருந்துகளில் 87 சதவீதத்தை அவை பிடித்தன. நல்ல மருந்து ஒன்றின்மீதும் தவறாகப் பழி போடவில்லை. எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சில கொடையாளிகளின் செல்லை வளர்த்த சில்லில் அந்தச் சிலரின் கல்லீரல்தானே இருக்கும்? உன்னுடையது இருக்காதே.

ஹைமன் சிம்மர்மன் என்ற பழைய மருத்துவர் கவனித்துச் சொன்ன ஒன்று இன்றைக்கும் எங்களுக்குக் கைவிளக்கு. கல்லீரல் செல் கெட்டால் ரத்தத்தில் கசிகிற ஏ.எல்.டி. என்சைம் மட்டும் கூடினால் பல சமயம் கல்லீரல் தானே சமாளித்துக்கொள்ளும். அதோடு, பித்தநீர் அடைப்பு எதுவும் இல்லாமல் காமாலையும் சேர்ந்தால் பத்தில் ஒருவர் அளவுக்கு உயிராபத்து. 'ஹை விதி' என்று அவர் பெயராலேயே அழைக்கிறோம். உன் பரிசோதனைத் தாளைப் பிரித்ததும் நான் முதலில் தேடியது இதைத்தான். உனக்கு ஏ.எல்.டி. கொஞ்சம், ஆல்கலைன் ஃபாஸ்ஃபட்டேஸ் (பித்தநீர் தடைப்பட்டால் கூடுகிற என்சைம்) நிறைய. அந்த வகை இல்லை. பார்த்த பிறகுதான் காபி குடித்தேன்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். இதை உறுதி செய்ய ஒரு பரிசோதனையும் கிடையாது. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி விலக்கித்தான் மருந்திடம் வந்து சேர வேண்டும். அமெரிக்காவில் மருந்துதான் காரணம் என்று சந்தேகித்த 318 பேரின் ரத்தத்தை மறுபடி சோதித்தபோது 9 பேருக்கு ஹெபடைடிஸ் ஈ தொற்றின் அடையாளம் இருந்தது. நீ அனுப்பிய தாளில் ஹெபடைடிஸ் ஏ, பி, சி-க்கான பரிசோதனைகள் இருக்கின்றன, ஈ-க்கானது இல்லை. எடுக்கச் சொல்.

நிபுணர்கள் மூன்று பேர் ஒரே கோப்பைத் தனித்தனியே படித்து, மருந்துதான் காரணமா என்பதற்கு மூன்று விதமாக மதிப்பெண் போடுவது சகஜம். நானும் சக ஊழியரும் ஒரு கோப்புக்காக மதியச் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டிருக்கிறோம். பெரும்பாலும் சண்டைக்குக் காரணம் தேதி இல்லாததுதான். 'ஆன்டிபயாடிக் எடுத்தார்' என்று ஒரு வரி இருக்கும். எது, என்றைக்குத் தொடங்கினார், என்றைக்கு நிறுத்தினார், வேறு என்ன விழுங்கினார், ஒன்றும் இருக்காது. கோடிக்கணக்கில் கொட்டி மரபணு படிக்கிறோம், கடைசியில் வழக்கு ஒரு தேதியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். எடை குறைய இரண்டு மாதமாக கிரீன் டீ சாறு கேப்சூல் சாப்பிட்டேன், அது இயற்கைதானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை என்கிறாய்! அடப்பாவி. கோப்பையில் குடிக்கிற டீ வேறு, அதைச் சுண்டக் காய்ச்சிக் கேப்சூலில் அடைத்தது வேறு. அந்தச் சாற்றால் கல்லீரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அதற்கும் ஒரு எச்.எல்.ஏ. வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வுத் தொகுப்பில் உள்ள கல்லீரல் பாதிப்புகளில் மூலிகை, துணைச்சத்து வகைகளின் பங்கு பத்தே ஆண்டில் 7 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக ஏறியிருக்கிறது. உன்னுடையதில் ஆன்டிபயாடிக் மேல்தான் எனக்கு இன்னமும் சந்தேகம், ஆனால் இப்போது கூண்டில் இரண்டு பேர். கேப்சூலை இன்றே நிறுத்து, மருத்துவரிடம் டப்பாவோடு போய்ச் சொல்லு. அந்த ஆன்டிபயாடிக்கின் பெயரை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள். வாழ்நாளில் இனி அதை யாரும் உனக்குக் கொடுக்கக் கூடாது.

எனக்கு ஒரு வேலை செய். காமாலை தெரிந்த நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வாரம், முடிந்தால் எட்டு, நாள் நாளாக எழுதி அனுப்பு. என்ன மாத்திரை, என்ன பொடி, ஒரு தலைவலிக்கு விழுங்கியதுகூட. கடைச் சீட்டு இருந்தால் அதைப் பார்த்து எழுது. உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியும். சாந்தியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள், அவள் சொல்வது சரியாக இருக்கும்.

அன்புடன்,
மணி

பி.கு.: ஹெபடைடிஸ் ஈ முடிவு வந்ததும், ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.