எல்.கே.ஜி. கழிவறைக்கு ஒரு சோப்பு: பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் தலைமை ஆசிரியை அவர்களுக்கும் வணக்கம்.

தக்காளிக் காய்ச்சல் பற்றி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. கொப்புளம் காய்ந்து, டாக்டர் சான்றிதழோடு வந்தால்தான் வகுப்பில் சேர்ப்பீர்களாம். சரி, கொப்புளத்தோடு பிள்ளையை அனுப்பக் கூடாதுதான். ஆனால் எல்.கே.ஜி. கழிவறையில் சோப்பு எப்போது வைப்பீர்கள்?

கையிலும் காலிலும் கொப்புளம் வருவது பிறகுதான். இந்த நோயைத் தரும் காக்சாக்கி ஏ16, என்டரோவைரஸ் 71 போன்ற வைரஸ்கள் எல்லாம் முதலில் பெருகுவது தொண்டையிலும் குடலிலும். இவற்றின் பங்காளியான போலியோ வைரஸும் அங்கேதான் பெருகும். வைரஸ் தொண்டையிலிருந்து வெளியேறுவது சீக்கிரம் நின்றுவிடும். மலத்தில் பல வாரங்கள் வந்துகொண்டிருக்கும். சான்றிதழ் வாங்கி வந்த பிள்ளையின் குடலிலும் வைரஸ் இருக்கலாம். கொப்புளமே வராத பிள்ளையிடமும் இருக்கலாம். அதை எந்த டாக்டர் எழுதித் தருவார்?

வாசலில் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்க்கிறீர்கள், சானிடைசர் தெளிக்கிறீர்கள். சானிடைசர் எளிதில் குலைப்பது கொழுப்பு உறை உள்ள வைரஸ்களை; அந்த உறை இல்லாத இந்த வைரஸ்களிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

என் மகள் காலையில் வீட்டில் ஒன்றுக்குப் போனால், சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மறுபடி போகிறாள். பாட்டில் தண்ணீர் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருகிறது. கேட்டால், "குடிச்சா பாத்ரூம் வரும்மா, அங்க தண்ணியே வராது" என்கிறாள். நான்கு வயதுப் பிள்ளை இந்த வெயிலில் தாகத்தை அடக்கப் பழகியிருக்கிறது. ஆயாம்மாவைக் குறை சொல்லவில்லை; மூன்று வகுப்புக்கு அவர் ஒருவர், அவர் கையிலும் சோப்பு இல்லை.

ஸ்மார்ட் கிளாஸுக்கு ஒரு ரசீது, யோகாவுக்கு ஒரு ரசீது, ஆண்டு விழா உடைக்கு இன்னொன்று. சோப்புக் கட்டணம் என்றும் ஒன்று போட்டுவிடுங்களேன், வரிசையில் நின்று கட்டிவிடுகிறோம்! மன்னிக்கவும், எழுத வந்தது அதுவல்ல.

கழிவறைக் குழாயில் தண்ணீர், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சோப்பு. அப்புறம், கழிவறையையும் கதவுப் பிடிகளையும் தினமும் பிளீச்சிங் கரைசலால் துடைக்க ஒரு ஏற்பாடு. சான்றிதழ் கேட்பதைத் தாராளமாகத் தொடருங்கள். சோப்பை மட்டும் வரும் திங்கட்கிழமைக்குள் வைத்துத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. 'பி' பிரிவு மாணவி ஒருத்தியின் அம்மா