அப்பாவ ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த எல்லாருக்கும்

மட்டக்களப்பு, கல்லடிக்கு வந்து சேர்ந்து இண்டைக்கு ஒம்பது நாள். முந்தியே எழுதியிருக்கணும், ஆனா வந்த களைப்பு, மறுகா அப்பாவப் பாக்க ஆள் மாறி ஆள் வந்து ஹோர்லிக்ஸ் போத்தல் மட்டும் பதினொண்டு சேர்ந்திட்டு, இப்பதான் இருந்து எழுத நேரம் கிடைச்சிருக்கு. நான் நன்றி சொல்லுற ஆக்கள்ல முக்கால்வாசிப் பேர்ட பேர் எனக்குத் தெரியாது, அந்த நேரம் கேக்கவும் தோணயில்ல. இடத்தச் சொல்லுறன், ஆரும் அந்தப் பக்கம் போனா சொல்லிவிடுங்க.

அப்பாவுக்குப் பாரிசவாதம் அடிச்சது கொழும்பு வெள்ளவத்தையில என்ட வீட்ட வந்து நிண்ட நேரம். வலப்பக்கம் முழுக்க இழுத்திட்டு, நாலு மாசம் படுக்கை. கொஞ்சம் தேறினதும் ஊருக்குப் போகணும் எண்டு ஒத்தக்கால்ல நிண்டார் (படுத்துக்கொண்டுதான்). ரயில்ல ஏத்த ஏலாது, அம்புலன்ஸ் பிடிப்பம் எண்டா மனுசன் தலைய ஆட்டுறார். அவர்ட பேச்சு இப்ப அம்மாவுக்கு மட்டும்தான் விளங்கும், அம்மா வாய்க்கிட்ட காதக் குடுத்துக் கேட்டுப்போட்டுச் சொன்னா, "அம்புலன்ஸ்ல போய் இறங்கினா சவம் வந்திட்டு எண்டு பந்தல் போடத் தொடங்கிடுவானுகளாம்."

அப்பதான் என்னோட வேலை செய்யிற கூட்டாளி ஒருத்தன் அவன்ட பழைய ரோசா பஸ்ஸத் தந்தான். வெள்ளக்காரங்களச் சுத்திக் காட்ட எண்டு அத ஒரு வீடு மாதிரி மாத்தி வெச்சிருக்கான், சீற் எல்லாம் கழட்டி ரெண்டு கட்டில், கேஸ் அடுப்பு, ஒராள் நிக்கிற மாதிரி ஒரு டொயிலட், கூரையில தண்ணி டாங்கி, 12 வோல்ட் பற்றரி ரெண்டு, இன்வேட்டர் எண்டு எல்லாம் இருக்கு. வாடகை வேணாம், டீசல் அடிச்சாக் காணும் எண்டான். ஒண்டே ஒண்டுதான் சொல்லிவிட்டான், கூரை டாங்கிய நிரப்பாத, 200 லீற்றர் தண்ணி எண்டா 200 கிலோ, அது உச்சியில இருந்தா வளைவுல பஸ் ஆடும் எண்டு. நான் விளிம்பு வரைக்கும் நிரப்பினன். இரத்தினபுரி தாண்டி வளைவுகள் வரேக்க பஸ் தோணி மாதிரி ஆடின ஆட்டத்துல அம்மா சத்தி எடுத்தா, பெல்மதுளையில நிப்பாட்டிப் பாதியத் திறந்துவிட்டம். மச்சான், மன்னிச்சிக்க.

ஓட்டினது சித்தப்பாட மகன், அவனுக்குத்தான் ஹெவி லைசன்ஸ் இருக்கு. அவனுக்கு நன்றி எழுதினா வீட்ட வந்து அடிப்பான், அதால விடுறன்.

ஏன் ஹபரணை, பொலன்னறுவையால வராம மலையச் சுத்தி வந்தீங்க எண்டு வாற எல்லாரும் கேக்குறாங்க. நாங்களும் அந்தக் கிட்ட ரோட்டாலதான் வர இருந்தம். ஆனா அப்பா முப்பது வருசம் லொறி ஓடின மனுசன். 78 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பப் பிரிச்சுப் போட்ட நேரம் லொறி கிளீனரா நாங்க வந்த இந்த மலை ரோட்டாலதான் அரிசி மூட்டைக்கு மேல இருந்து வந்தவராம். கொழும்புல இருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், கல்முனை எண்டு 430 கிலோமீற்றர், நாட்டுலயே நீளமான ஏ4 ரோட்டு. அவர் அதத்தான் கேட்டார், நாங்க மறுக்கல்ல.

வாய் வராட்டியும் இடக்கை நல்லா இருக்கு. கிளீனர் மாதிரி பஸ் பக்கத் தகரத்துல ஒரு தட்டுத் தட்டினா நில்லு, ரெண்டு தட்டுத் தட்டினா போ. வெள்ளவத்தையில இருந்து கல்லடி வரைக்கும் அந்தத் தட்டுத்தான் எங்களுக்கு ட்ரைவிங் ஸ்கூல்.

முதல் ராவு பெலிஹுல்ஓயாவுல நிண்டம். அப்பாக்கு முதுகுப்புண் வராம இருக்க காத்து மெத்தை ஒண்டு இருக்கு, அதுட பம்ப் விடிய விடிய ஓடணும். பன்னெண்டு மணிக்கு இன்வேட்டர் கீய் கீய் எண்டு கத்துது, பற்றரி ரெண்டும் படுத்திட்டு. பக்கத்துல ஒரு சோத்துக் கடை, பூட்டிப்போட்டுப் படுத்த ஆக்கள், தட்டி எழுப்பினம். என்ட சிங்களம் கொழும்புல ஓட்டோக்காரரோட பேரம் பேசப் பழகின சிங்களம், அதுல எப்பிடி மெத்தைக்குக் கரண்ட் வேணும் எண்டு சொல்லுற? அந்த அக்கா டோர்ச்ச எடுத்துக்கொண்டு வந்து பஸ்ஸுக்குள்ள அப்பாவ ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான், யன்னலத் திறந்து வயர இழுக்கச் சொல்லிட்டா. காலையில காசு நீட்டினா திண்ட சோத்துக்கு மட்டும்தான் எடுத்தா. அக்கே, எங்கட எக்ஸ்டென்சன் வயர் உங்கட யன்னல்ல தொங்கிக்கொண்டு கிடக்கு, அத நீங்களே வெச்சிருங்க.

அடுத்த நாள் ஹல்துமுல்லை ஏத்தத்துல எஞ்சின் சூடு காட்டுற ஊசி சிவப்புக்குப் போயிட்டு, ரேடியேட்டர்ல இருந்து ஆவி சீறுது. நான் பெரிய மெக்கானிக் மாதிரி துணியச் சுத்தி மூடியத் திறக்கப் போறன், உள்ளுக்குள்ள இருந்து தட்டு. ஒண்டில்ல, தகரம் பிஞ்சிடும்போல தட்டுறார். அம்மா கத்துறா, "தொடாதடா எண்டுறார்டா!" கொதிக்கேக்க திறந்திருந்தா என்ட முகம் இண்டைக்கு இருக்கிற மாதிரி இருந்திருக்காது. ஓட்டோக்காரத் தம்பி ஒருத்தன் எங்கயோ போய் ஒரு மெக்கானிக்க ஏத்திக்கொண்டு வந்தான். மேல் ஹோஸ் கிளிப் கடிச்ச இடத்துல வெடிச்சிருக்கு. ஆறும் வரைக்கும் குந்தியிருந்து சிகரட் பத்தினார், மறுகா வெடிச்ச ஒரு இஞ்சிய வெட்டி எறிஞ்சிபோட்டு மிச்சத்த இழுத்துக் கொழுவி கிளிப் இறுக்கினார். ஊத்தத் தண்ணி கூரை டாங்கியில இருந்துதான் வந்த, பாதியாவது மிச்சம் விட்டது நல்லதாப் போச்சு. வேலை முடிய மனுசன் பஸ்ஸுக்குள்ள ஏறி அப்பாட இடக்கையப் பிடிச்சு சிங்களத்துல என்னவோ கனநேரம் கதைச்சார், அப்பாவும் அவர்ட பாசையில கதைச்சார், ரெண்டு பேருக்கும் விளங்கினதாத்தான் தெரிஞ்சிது.

பெரகலையில இருந்து இறங்கேக்க சித்தப்பாட மகன் தம்பி பிரேக்க மிதிச்சு மிதிச்சு இறக்கினான், கொஸ்லந்தைக்கிட்ட கருகின மணம் வந்திட்டு. ஒரு தட்டு. நிப்பாட்டினம். சில்லு சூட்டுல கிட்டப் போக ஏலாது, ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டிப்போச்சு. தேயிலைத் தோட்டத்து லயத்துல இருந்து ஒரு அக்கா வந்து, "என்னங்க, ஐயாவுக்கு முடியலிங்களா?" எண்டு கேட்டுப்போட்டு சாயத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்தாங்க, அப்பாட முகத்துல வெயில் படுது எண்டு யன்னலுக்கு வெளியால குடையப் பிடிச்சுக்கொண்டே நிண்டாங்க. 2014 ஒக்டோபர்ல மீரியபெத்தையில மண்சரிஞ்ச கதைய அம்மா கேட்டா. அவங்க மலைப்பக்கம் கையக் காட்டினாங்க, பேசல்ல. அக்கா, நாங்க வெளிக்கிட்ட அவதியில உங்கட கோப்பை ஒண்டு பஸ்ஸுக்குள்ள வந்திட்டு, இஞ்ச பத்திரமா இருக்கு. அதுக்குப் பிறகு இரண்டாம் கியர்லதான் இறங்கினம், தியலும நீர்வீழ்ச்சிய ஆறுதலாப் பாத்துக்கொண்டு வந்தம்.

வெல்லவாய, புத்தளை, மொனராகலை எல்லாம் ஒரே ஓட்டம். சியம்பலாண்டுவையில பொழுது பட்டிட்டு, எதிர்ல வந்த பஸ் ட்ரைவர் ஒருத்தர் லைட் அடிச்சு நிப்பாட்டி, லாகுகலைப் பக்கம் யானை ரோட்டுல நிக்குது, இந்த நேரம் போகாதீங்க எண்டார். டீசல் அடிக்கிற செட்டுக் காவல்கார ஐயா உள்ளுக்கு விட்டு ஓரமா நிப்பாட்டச் சொன்னார், பிளக் பொயின்டும் தந்தார்.

விடிய பொத்துவிலுக்கு இறங்கினதும் சூடான கச்சான் காத்து முகத்துல அடிச்சிது. சும்மா ஊர்ல இருந்தா அந்தக் காத்த ஏசிக்கொண்டுதான் இருப்பம், அப்பா கண்ண மூடிக்கொண்டு வாயத் திறந்து வெச்சுக் குடிக்கிறார். அங்க கடை வெச்சிருக்கிற முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருத்தர் முட்டியில எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்து, "வாப்பாக்கு நாலு கரண்டி குடுங்க, மிச்சத்த நீங்க தின்னுங்க" எண்டு தந்தார். நாலு கரண்டியோட அப்பா நிப்பாட்டல்ல. திருக்கோவிலுக்கு முன்னால கதிர்காமம் நடந்து போற கூட்டம் எதிர்ல வந்துது, வேல் வெச்சிருந்த ஆச்சி ஒராள் கைய யன்னலுக்குள்ள விட்டு அப்பாட நெத்தி முழுக்க விபூதியப் பூசிப்போட்டு நிக்காம நடந்திட்டா.

பின்னேரம் காத்தான்குடியில, பேரீச்ச மரம் நிக்கிற அந்த ரோட்டுல சனத்துக்குள்ள மாட்டின எங்களுக்கு வழி எடுத்துத் தந்த தொப்பி போட்ட தம்பிமாருக்கும் நன்றி. கல்லடிக்கு வந்தாச்சு எண்டு வீட்டுப் பக்கம் திருப்பப் போனா ரெண்டு தட்டு. போ. என்னடா எண்டு பாத்தா ஆள் பாலத்தப் பாக்கணுமாம். 1924ல கட்டின பழைய பாலம் ஒரு பக்கமா நிக்குது, நாங்க 2013ல திறந்த புதுப் பாலத்தால ஊர்ந்து போய் டவுண் பக்கம் கிறுகி வந்தம். பின்னால ஹோர்ன் அடிச்ச எல்லாருக்கும் மன்னிப்பு.

கடைசியா எங்கட ஒழுங்கைப் பொடியன்மார். பஸ் உள்ளுக்கு வராது, வயர் எல்லாம் பதிவாத் தொங்குது. டெலிபோன் வயர கொக்கத்தடியால ரெண்டு பேர் தூக்கிப் பிடிச்சானுகள், கரண்ட் வயருக்குக் கிட்ட வந்ததும் ஆரையும் தொட விடாம, அதுக்கு இஞ்சால நிப்பாட்டி, அப்பாவக் கட்டிலோட தூக்கிக்கொண்டு வந்தானுகள். நிப்பாட்ட இடம் காணாம பக்கத்து வீட்டு மாமி தன்ட வேலியில மூணு கிடுகையும் ஒரு முருங்கைக் கொப்பையும் தானே கத்தி எடுத்து வெட்டி எறிஞ்சா. மாமி, கிடுகு ஞாயிற்றுக்கிழமை வருது, தம்பியும் நானும் வந்து கட்டித் தாறம். முருங்கைக்குத்தான் ஒண்டும் செய்ய ஏலாது.