குமிழித் தூம்பும் மரகதம் டீச்சரும்

புதுக்கோட்டை,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிவநேசன் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகு நீங்கள் எழுதிய முதல் நீண்ட கடிதம் கிடைத்தது. எழுத்துகள் மறுபடியும் கருகருவென்று தெரிகின்றன என்று நீங்கள் எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே இவ்வாண்டு மழை பரவாயில்லை. கண்மாய்கள் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டன. வவுனியாவில் குளங்கள் நிறைந்து வழிந்து வான் பாயத் தொடங்கிவிட்டனவா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் பெறாமகள் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத விரும்புவதாகவும், அவளை எங்கிருந்து தொடங்கச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். 2007-இல் எனக்குத் தொகுக்கக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அந்தக் கேள்வி சுற்றி வந்து என்னிடமே நிற்பது வேடிக்கைதான். ஆனால் கடந்த மூன்று மாதங்களாக ஒரு புதியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்து நானும் சிலவற்றைக் கற்றுக்கொண்டிருப்பதால், அறிவுரையாக எதையும் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் மரகதம் டீச்சர் அரசுப் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். தம் பிறந்த ஊரின் கண்மாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். முதல் நாள் நான் விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளான ஐந்து தூண்களில் தொடங்கி, நடுநிலை நோக்கு, கட்டற்ற உரிமம், நாகரிக உரையாடல் என்று ஏறத்தாழ அரை மணி நேரம் பேசினேன். அவரும் பழக்கதோஷத்தால் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். முடிவில், "எல்லாம் சரி சார், எழுதுவது எங்கே?" என்று கேட்டார். பாடத்திட்டத்தை ஒப்பித்துவிட்டுப் பாடத்தை விட்டுவிட்ட ஆசிரியரைப் போல நான் விழித்தேன்.

அதனால் மறுநாள் ஒன்றுமே பேசாமல், பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றிய கட்டுரையைத் திறந்து அவர் முன்னால் வைத்துப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் வரியில் 'ஏரி' என்பது 'ஏறி' என்று கிடந்தது. விடைத்தாள் திருத்திய கண் அல்லவா, உடனே பிடித்துவிட்டார். "தொகு என்று இருக்கிறதே, அதை அழுத்துங்கள்" என்றேன். அழுத்தினார், ஆனால் அந்த ஓர் எழுத்தை மாற்றத் தயங்கினார். ஏதாவது தவறாகத் தட்டிப் பக்கம் முழுவதும் அழிந்துபோனால் என்ன செய்வது என்ற அச்சம். அப்போதுதான் வரலாற்றுப் பக்கத்தைக் காட்டினேன். அந்தக் கட்டுரை எந்த நாளில் பிறந்தது, யார் யார் எந்தச் சொல்லைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்று ஒவ்வொரு படியும் அங்கே அப்படியே இருப்பதையும், பழைய படி எதையும் நொடியில் மீட்டுக்கொள்ளலாம் என்பதையும் பார்த்தபின் அவர் தோள்கள் தளர்ந்தன. எழுத்தை மாற்றி, தொகுப்புச் சுருக்கத்தில் "எழுத்துப்பிழை திருத்தம்" என்று எழுதிப் பதிப்பித்தார். பிறகு வரலாற்றில் தம் பயனர் பெயரைக் கண்டுபிடித்து, பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து தூண்களைவிட அந்த ஒற்றை 'ரி' அன்றைக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இதற்கிடையே நான் பட்ட சிரமம் ஒன்று உண்டு. அவர் சுட்டியை நகர்த்தும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு என் கையைச் சும்மா வைத்திருப்பதுதான் அது. இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஊர்ப்பெயரை இட்டால் இணைப்பாகும் என்று சொல்லிவிட்டு, அவர் விசைப்பலகையில் அந்த அடைப்பைத் தேடும் வரை காத்திருக்க வேண்டும். நான் இட்டிருந்தால் இரண்டு நொடி. ஆனால் மறுநாளும் நானே இட வேண்டியிருக்கும். உங்கள் பெறாமகள் இளையவள், இந்தக் காத்திருப்பு உங்களுக்கு வாய்க்காது. அவள் உங்களைக் காக்கவைக்காமல் இருந்தால் சரி. டீச்சர் பெரும்பாலும் கைப்பேசியில் பேசியே தட்டச்சுகிறார். பாமினி விசைப்பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டும் உங்களுக்கு அது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ரகர றகரத்தையும் னகர ணகரத்தையும் அந்தக் கருவி மாற்றிப் போடுவதைத் திருத்தித் திருத்தியே அவருக்குத் தொகுத்தல் கைவந்துவிட்டது.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் அவர் கண்மாயைப் பற்றி எழுதத் தொடங்கியபோது முதல் வரியே "எழில் கொஞ்சும் எங்கள் கண்மாய்" என்று வந்தது. எழிலையும் 'எங்கள்' என்பதையும் எடுத்துவிடுவது எளிது, சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். கடினமானது அதற்கு அடுத்த பகுதி. கண்மாய்க்குள் கரையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் இரண்டு கல்தூண்களைப் பற்றி அவர் எழுதியிருந்ததைப் போல ஒரு விவரிப்பை நான் எங்கும் படித்ததில்லை. அதுதான் குமிழித் தூம்பு, கண்மாய் நீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய அமைப்பு. தூண்களுக்கு நேர் கீழே, கண்மாயின் தரையில் ஒரு கற்பெட்டி இருக்கும். அதன் மேலே நீர் இறங்குவதற்கு நீரோடித் துளையும், கீழே சேற்றை இழுத்துக்கொண்டு போவதற்குச் சேறோடித் துளைகளும் உண்டு. மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், கரைக்கு அடியில் செல்லும் சுருங்கை வழியாக நீர் வாய்க்காலுக்குப் போய்விடும். வண்டலும் சேர்ந்தே வயலுக்குப் போகும். அடைப்பைத் தூக்குவதற்கு ஆள் எப்படி நீந்திப் போவார், தூணில் எப்படிக் காலை ஊன்றுவார், எத்தனை பேருக்கு அந்த முறை கைவந்திருந்தது என்பதையெல்லாம் டீச்சர் தம் தந்தையிடமிருந்து கேட்டு எழுதியிருந்தார்.

படித்து முடித்ததும், "இதற்குச் சான்று?" என்று நான் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதும் அவர் முகம் மாறியது. "என் அப்பா சொன்னது சான்று ஆகாதா? யாரோ ஒருவர் புத்தகத்தில் எழுதினால்தான் உண்மையா?" என்றார். சிவநேசன், இந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. உங்களிடமும் இருக்காது என்று நினைக்கிறேன். அவர் தந்தை பொய் சொன்னார் என்று கலைக்களஞ்சியம் சொல்லவில்லை. படிப்பவர் தாமே போய்ச் சரிபார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார், ஆனால் மனமொப்பி அல்ல. எழுத்தில் ஏறாத அறிவையே அதிகம் வைத்திருக்கும் நம்மைப் போன்ற சமூகங்களுக்கு இந்த விதி கூடுதலாகக் கனக்கிறது என்பதைப் புதியவரிடம் மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை என்று எனக்குப் படுகிறது.

இருவருமாக நூலகத்துக்குப் போனோம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த காலத்தில், 1929-இல், இங்குள்ள கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து ஒரு பெரிய நூலாக வெளியிட்டிருக்கிறார்கள். அதில் குளம் வெட்டியவர், மடை அமைத்தவர், குமிழி இடுவித்தவர் பற்றிய கல்வெட்டுகளைத் தேடி இரண்டு நாள் புரட்டினோம். டீச்சரின் ஊர்க் கண்மாய் அதில் அகப்படவில்லை. ஆனால் வேறு ஊர்களில் குமிழி இட்ட செய்திகள் கிடைத்தன. அவற்றைப் பார்த்ததும் அவர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தம் ஊர்க் கண்மாய்க்குத் தனிக் கட்டுரை எழுதுவதற்கு இப்போதைக்குச் சான்று போதாது. ஆகவே குமிழித் தூம்பைப் பற்றி நூலில் உள்ளதை மட்டும் எழுதுவது. இரண்டாவதாக, தம் ஊர்க் கண்மாயில் நிற்கும் தூண்களைத் தாமே படம் எடுத்து, கட்டற்ற படங்களின் சேமிப்பிடமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவது. படத்துக்கு அவரே உரிமையாளர். ஊர்ப் பெயரையும் நாளையும் குறித்துக் கட்டற்ற உரிமத்தில் கொடுத்தால் போதும். தந்தை சொன்னது கட்டுரையில் ஏறவில்லை, அவர் நீந்திப் போன தூண்கள் ஏறிவிட்டன. இந்த இரண்டாவது யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நடுவில் ஒரு சறுக்கல். அது முழுக்க என் தவறு. ஒரு கோயில் பற்றிய கட்டுரையில், அங்கே விற்கப்படும் தலவரலாற்றுச் சிறுநூலிலிருந்து இரண்டு பத்திகளை டீச்சர் அப்படியே தட்டச்சு செய்து சேர்த்துவிட்டார். சான்று வேண்டும் என்று அத்தனை முறை சொன்ன நான், சான்று காட்டினாலும் பிறர் எழுதிய வரிகளை அப்படியே எடுக்கக் கூடாது, செய்தியை எடுத்துச் சொந்த நடையில் எழுத வேண்டும் என்பதைச் சொல்ல மறந்திருந்தேன். அடுத்த கால் மணி நேரத்தில் ஒருவர் அதை நீக்கிவிட்டார். "பதிப்புரிமை மீறல்" என்ற இரண்டே சொற்கள் தொகுப்புச் சுருக்கத்தில் இருந்தன. இரவு ஒன்பது மணிக்கு டீச்சர் தொலைபேசியில் அழைத்தார், "நான் திருடிவிட்டேன் என்கிறார்களா?" என்று கேட்டபோது குரல் தழுதழுத்தது.

நீக்கியவர் செய்தது விதிப்படி சரிதான். அண்மைய மாற்றங்களை நாள்தோறும் கவனித்துக் குப்பை களையும் ஒரு சிலரின் உழைப்பு இல்லாவிட்டால் நம் தளம் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களும் அறிவீர்கள். ஆனாலும் புதியவரின் பயனர் பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுத அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் குறுக்கே போய் விளக்கம் சொல்ல நினைத்தேன். பிறகு அடக்கிக்கொண்டு, நீங்களே உரையாடல் பக்கத்தில் கேளுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி ஒரு முழுக் கடிதமே எழுதி, கீழே நான்கு அலைக்குறி இட்டுக் கையொப்பமும் வைத்தார். மறுநாள் காலையில் கனிவான பதில் வந்திருந்தது. அதே செய்தியைச் சொந்த நடையில் சுருக்கி எழுதும் வழியையும் அந்தப் பயனரே எழுதிக் காட்டியிருந்தார். இப்போது ஐயம் ஏற்பட்டால் டீச்சர் என்னிடம் வருவதில்லை. தளத்தில் உதவி கேட்பதற்கென்று உள்ள ஒத்தாசைப் பக்கத்துக்குப் போகிறார். எனக்குச் சற்றுப் பொறாமைதான்.

அந்த இரவு எனக்கு 2007 நினைவுக்கு வந்தது. ஒரு வேதியியல் கட்டுரையில் 'ஒட்சிசன்' என்று இருந்ததையெல்லாம் பிழை என்று நினைத்து, வரிசையாக 'ஆக்சிஜன்' என்று மாற்றினேன் அல்லவா? நீங்கள் அதை மீளமைத்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் என் பேச்சுப் பக்கத்தில், இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் வடிவம் இது, உங்கள் வடிவமும் சரியே, முதலில் எழுதியவரின் வழக்கை விட்டுவைத்து மற்றதைத் தேடினாலும் அதே கட்டுரைக்கு வரும்படி வழிமாற்றாகக் கொடுப்போமா என்று கேட்டு எழுதினீர்கள். அந்தச் செய்தி வராமல் மீளமைப்பு மட்டும் வந்திருந்தால் நான் அன்றே வெளியேறியிருப்பேன். இந்தக் கடிதத்துக்கும் வேலை இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் ஓர் இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்க்கச் சொல்லித் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுப்பதைச் சீர்செய்யும் வேலை தேர்ந்தவர்களையே சோர்வடையச் செய்கிறது. புதியவரின் தமிழோ அந்த வாக்கியங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டுவிடும். அவள் எதை அறிவாளோ, எதைக் கண்ணால் பார்க்கிறாளோ அங்கிருந்து தொடங்கட்டும்: படித்த பள்ளி இருக்கும் ஊர், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரம், சமையலில் போடும் கீரை. பிழை திருத்தட்டும், பகுப்பு சேர்க்கட்டும், படம் ஏற்றட்டும். பல பக்கங்களில் பயன்படுத்தும் ஆயத்த அமைப்பான வார்ப்புருவும், கட்டுரையின் ஓரத்தில் விவரங்களைத் தொகுத்துக் காட்டும் தகவற்சட்டமும் மெல்ல வரும். எனக்கே இன்னும் சில வார்ப்புருக்கள் கட்டுப்படுவதில்லை.

இப்போது வானைப் பற்றிக் கேட்டதன் காரணம். குமிழித் தூம்புக் கட்டுரையில் மற்றப் பகுதித் தமிழர்கள் வழங்கும் சொற்களையும் சேர்க்க வேண்டும் என்கிறார் டீச்சர். நாங்கள் மடை, மதகு என்பதை நீங்கள் துருசு என்கிறீர்கள். மிகுந்த நீர் வழிந்தோடும் இடத்தை நாங்கள் கலிங்கு என்கிறோம், அது உங்களுக்கு வான். இதைச் சொன்னதும், "அப்படியானால் அங்கிருந்து ஒரு படம் வாங்கிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார். உங்கள் பெறாமகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, அருகிலுள்ள ஏதாவது ஒரு குளத்தின் பழைய துருசையும் வான் பாயும் இடத்தையும் படம் எடுத்து அவளையே பொதுவகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 'துருசு' என்ற சொல் அச்சில் வந்த நூல் ஏதாவது உங்கள் அலமாரியில் இருந்தால் பக்க எண்ணுடன் எழுதி அனுப்புங்கள். பக்க எண் இல்லாமல் அனுப்பினால் டீச்சர் ஏற்க மாட்டார்.

அன்புடன்,
கதிரேசன்